நூற்றைந்து டிகிரி

கொல்லிமலை அன்னாசியில் ஜாம் செய்யும் வேலையை ஏற்றபோது நிறம், இனிப்பு, கெட்டி, பாட்டில் எல்லாவற்றையும் நாமக்கல்லில் என் ஆய்வகத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நூற்றைந்து டிகிரி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து மலைக்கு எடுத்துப்போனேன். கெமிக்கல் இன்ஜினியர் என்கிற மிதப்பு வேறு.

அன்று மதியம் சேலத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால், என்னை வரச்சொன்ன மலையூரான எடப்புளி நாட்டுப் பெண்கள் குழுவின் பழமெல்லாம் ஜாமாகும். இல்லையென்றால் வழக்கம்போலப் பாதி தோட்டத்திலேயே அழுகும். அன்று பறித்து வைத்திருந்தது இரண்டு அண்டாவுக்கான பழம்தான்.

முதல் அண்டாவைக் கிளறிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கரண்டியைத் தூக்கி, ஜாம் வழிவதைப் பார்த்தார்.

“பதம் வந்துருச்சுங்க சார். எறக்கிரலாங்களா?”

தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. “இன்னும் நாலு டிகிரி இருக்கு, கிளறுங்க.”

“கரண்டி இழுக்குதுங்க.”

“தாள்ல இருக்கறபடி செய்யுங்கம்மா,” என்று எரிந்து விழுந்தேன். அவர் மறுபடியும் கிளறினார்.

நூற்றைந்து வந்தபோது ஜாம் கறுத்திருந்தது. ஆறியதும் கரண்டியே உள்ளே இறங்கவில்லை. 

பழியைத் தெர்மாமீட்டர் மேல் போடலாம் என்று அதைக் கொதிக்கும் வெந்நீரில் விட்டேன். தளதளவென்று கொதித்த தண்ணீர் தொண்ணூற்றாறிலேயே நின்றது. உயரம் கூடக்கூடக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவனுக்கு அது நினைவில்லை. என் நூற்றைந்து கீழே சமவெளிக்குச் சரி, இங்கே நாலு டிகிரி அதிகம்.

இரண்டாவது அண்டா கொதிக்கும்போதே வியாபாரியின் கார் வந்து நின்றது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“நீங்க சொல்றப்ப எறக்கலாம்,” என்று அதே பெண்ணிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்தார். ஓடியது. மறுபடியும் கிளறினார். வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். இன்னொரு சொட்டு மெல்ல நகர்ந்து நின்றது.

“இப்ப எறக்குங்க,” என்றார் அந்தப் பெண்.

ஆறிய ஜாமை வியாபாரி இரண்டு முறை சுவைத்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பதத்தைச் சரியாப் புடிச்சிருக்கீங்க சார். அனுப்புங்க.”

“அது அவங்க பாத்த பதம்,” என்றேன்.

அந்தப் பெண் முதல் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இந்த அண்டாவுலயே சொன்னனுங்க,” என்றார்.