தீனிக்கு முதலில் வந்தவன்

புதுக்கோட்டையில் வீட்டுக்குள் கடல் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் வைத்திருக்கிறேன். என் ஹாலில் ஆறடி நீளத் தொட்டி. அடியில் வெள்ளை மணல், நடுவே பவளம், மேலே நீல விளக்கு. உப்பை வாளி வாளியாக விலைக்கு வாங்கி நல்ல தண்ணீரில் கரைத்து, ஒரு மாதம் மீன் விடாமல் சும்மா ஓடவிட்டுப் பக்குவம் பண்ணினேன். மீமிசல் கரையில் பிறந்தவன் ஒருநாள் உப்பு வாங்கிக் கடல் செய்வான் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் இரும்புக் கடையும் சிமெண்டு குடோனும் மூன்று லாரியும் வைப்பான் என்று சொல்லியிருந்தாலும் சிரித்திருக்கும். சிரித்தவர்கள் பலர் இப்போது என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

தொட்டி தயாரானதும் மீன் வாங்கத் திருச்சிக்குப் போனேன். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல வாய். கட்டைவிரல் நீளத்தில் பச்சையாக மின்னிய மீன்களைக் காட்டினார்.

"குரோமிஸ்ங்கய்யா. இத ஒத்தையா வாங்காதீங்க. ஒத்தையா விட்டா கல்லுக்கடியில போயி ஒடுங்கிரும். ஏழா எடுங்க, ஏழையும் ஒரே நாள்ல விடுங்க. கூட்டமா திரியும், பாக்க அழகா இருக்கும்."

"கடைசி வரைக்கும் கூட்டமா இருக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "கடல்ல பெரிய மீனுக்குப் பயந்து ஒண்ணா இருக்குங்கய்யா. தொட்டியில பயமில்லேல்ல. கொஞ்ச நாள் போனா ஒண்ண ஒண்ணு கொத்தும். எளச்சது போயிரும். அதுக்குத்தான் ஏழுன்னு சொல்றது."

துபாயில் இருக்கிற என் மகன் போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. கடைக்காரனைத் தீனி போடச் சொல்ல வேண்டும். எது முதலில் பாய்ந்து வந்து தின்கிறதோ அதுதான் நோய் இல்லாத மீன். அதைத்தான் எடுக்க வேண்டும். அப்படியே கேட்டேன். அவர் ஒரு தொட்டியில் ஒரு சிட்டிகை தூவினார். எல்லாம் பரபரத்தன. அதிலும் வால் ஓரம் கிழிந்த ஒன்று, மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"அதப் புடி. அதுதான் நான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. என்னையும் இப்படித்தான் எடுத்தார்கள் என்று சொன்னேன். எத்தனையோ கல்யாண வீட்டில், எத்தனையோ மேடையில் சொன்ன கதைதான். நின்றபடியே அவருக்கும் சொன்னேன்.

அப்பா செத்து ஒரு வருசம் இருக்கும். அவர் மீமிசலில் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு ஆத்தா அதே ஆளிடம் மீன் கீறும் வேலைக்குப் போனாள். நாங்கள் நாலு பேர். அண்ணன், நான், தங்கச்சி, தம்பி. எனக்கு எட்டு வயது. அன்னவாசலில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமா, ஆத்தாவின் கூடப் பிறந்தவர், அவருக்குப் பிள்ளை இல்லை. நாலில் ஒன்றைக் கூட்டிப் போய்ப் படிக்க வைக்கிறேன், கடைக்கும் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். யாரை என்று சொல்லவில்லை. வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்னவாசல் எங்களுக்கு அப்போது சிங்கப்பூர் மாதிரி. போகப்போவது தான்தான் என்று அண்ணன் ஒரு வாரமாகச் சட்டையைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டான்.

அன்று விடிந்ததும் மாமாவுக்குக் குழம்பு வைக்க மீன் வாங்கி வரச்சொல்லி ஆத்தா என்னைக் கரைக்கு அனுப்பினாள். வலை வர நேரமானது. அதுவரை கணுக்கால் தண்ணீரில் நின்று குஞ்சு மீன்களை விரட்டிக்கொண்டிருந்தேன். நூறு மீன் ஒரே உடம்பு மாதிரித் திரும்பும். கையை விட்டால் ஒன்றும் அகப்படாது. பிறகு ஒரு கை காரல் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

மத்தியானம் மாமா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தரையில் வைத்தார். காராச்சேவு, கடலை மிட்டாய், இரண்டு பன். எண்ணெய் ஊறிய காகிதத்தின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

"வாங்கடா, இங்கிட்டு வாங்க. யாருக்கு வேணும்?"

அண்ணன் ஆத்தாவின் பக்கத்திலேயே நின்றான். தங்கச்சியும் தம்பியும் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நான் போய் மாமா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். பன்னைப் பிய்க்கக்கூட இல்லை, அப்படியே கடித்தேன். சேவை அள்ளினேன். மாமாவின் உள்ளங்கையில் இருந்த கடலை மிட்டாயையும் எடுத்துக்கொண்டேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கூச்சமே இல்ல பாரு பயலுக்கு. இவன் எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்குவான்த்தா."

"அப்ப இவனையே கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள் ஆத்தா.

அண்ணன் அழுதான். நான் அவனிடம் போய், "தெறமை வேணும்டா" என்றேன். எட்டு வயதில் எங்கே கற்றேனோ அந்த வார்த்தையை. மூன்று மணி பஸ்ஸில் மாமாவோடு ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மாமா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்றதை அந்த வாரமே மறந்துபோனார். சாக்கு மேல் படுத்தேன், சாக்கு தூக்கினேன், தராசுப் படியால் அடி வாங்கினேன். அதையெல்லாம் மேடையில் சொல்லும்போது கைதட்டுவார்கள். நாலு பேரில் ஒரே பார்வையில் என்னை எடுத்தார்கள் என்று முடிப்பேன்.

சில வருசம் முன்னால் அண்ணன், தன் மகனுக்கு என் கடையில் ஒரு வேலை கேட்டு வந்தான். வேலையாட்கள் முன்னாலேயே, "அன்னைக்கு ஆத்தா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சவன்தானே நீ, ஒன் மகன் மட்டும் எப்படி இருப்பான்?" என்று கேட்டேன். "நான் எங்கடா ஒளிஞ்சேன், ஆத்தா என் கையப் புடிச்சிருந்துச்சுடா" என்றான். கையாலாகாதவன் சொல்கிற சாக்கு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆத்தா செத்தபோது பந்தலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

கடைக்காரர் கதையைக் கேட்டு மலைத்துப்போனார். ஏழு மீனையும் தனித்தனிப் பையில் போட்டு, காற்று அடைத்து ரப்பர் பேண்டு கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒங்கள மாதிரி ஆளுககிட்ட மறைக்கக் கூடாதுய்யா. எல்லாரும் இப்ப தீனி போடச் சொல்லித்தான் வாங்குறாங்க. அதனால எதத் தள்ளிவிடணுமோ அந்தத் தொட்டிக்கு மட்டும் முந்தின நாளே தீனிய நிறுத்திருவோம். பசிச்சாத்தானே முன்னாடி வரும்?"

"மத்த தொட்டிக்கு?"

"அதுகளுக்கு வயிறு நெறயப் போட்டுருவோம். அப்பத்தான் அதுக மேல யாரு கண்ணும் போகாது."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். காரில் ஏறி, ஏழு பையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏழில் இப்போது மூன்று இருக்கின்றன. வால் கிழிந்ததுதான் மற்றவற்றைக் கொத்துகிறது. விளக்கை அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேரில் ஏன் நான் என்று கேட்க ஆத்தா இல்லை. எங்கே போனாலும் பிழைப்பான் என்று பார்த்தாளோ, போனால் போகட்டும் என்று பார்த்தாளோ. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

அன்றைக்குக் காலையில் காரல் வாங்கிக்கொண்டு வந்தபோது, சோறு ஒட்டிய மூன்று தட்டு வாசலில் கிடந்தது. தம்பி ஏப்பம் விட்டான். ஆத்தா பழைய சோற்றுப் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இல்லையா ஆத்தா என்று கேட்டேன். அவள் பானையைப் பார்த்தபடியே, "மாமா வந்துரட்டும்டா" என்றாள். பாவம், நாலாவது ஆளை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் மனம் சங்கடப்படக் கூடாதென்று, எனக்குப் பசியே இல்லை ஆத்தா என்று சொன்னேன்.