பஷீர் பாயின் நீளவால் ஜோடி

2000-களின் நடுவில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து வந்தேன். வெட்டிய துடுப்பு மறுபடி வளர்வதை எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் காட்ட ஜீப்ரா மீன் தேவைப்பட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வண்ணமீன் விற்ற பஷீர் பாயிடம் சாதா ஜீப்ரா மீன்களோடு நீளவால் ஜோடி ஒன்றும் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பாய் மீன் கவரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னா மேடம், வால வெட்றதுக்கா நான் மீன் வளத்துகினு கீறேன்?"

"மயக்கம் குடுத்து நுனிய மட்டும்தான் வெட்டுவோம் பாய். திரும்ப வளந்துடும்."

"இதே நீளத்துக்கா?"

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததில்லை. "நீங்களே வந்து பாருங்க" என்றேன். அரை மனதோடு கொடுத்தார்.

கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் மீன்களை மயக்கி வெட்டினோம். சில நாளில் வெட்டிய இடத்தில் கண்ணாடி போல ஒரு விளிம்பு வந்தது. அதற்குள் எலும்புக் கதிர்கள், மூங்கில் மாதிரி கணுக்கணுவாக. சாதா மீன்களின் வால் பழைய அளவுக்கு வந்ததும் நின்றது. பாயின் ஜோடிக்கும் அப்போது அதே அளவுதான். ஸ்கேலை எடுத்து மறுபடி அளந்தேன்.

அடுத்த வாரம் ஜோடி அந்த அளவைத் தாண்டியது. கணுக்கள் சேர்ந்துகொண்டே போயின. வால் பழையபடி துணி போல் அலைந்தபோது வகுப்பே கைதட்டியது.

பாய் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"யா அல்லா! எலும்பு சும்மா ஜோரா கீது மேடம். எப்போ நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்றாங்க?"

"செல்லச் சுத்தியிருக்கிற சவ்வுல பொட்டாசியம் மாதிரி உப்புங்க போய்வர குட்டிக் கதவுங்க இருக்கு பாய். அயன் சேனல்னு பேரு. நீளவால்ல அந்தக் கதவுலதான் ஏதோ மாத்தம், அதான் நிக்காம வளருதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

பாய் தன் வழுக்கையைத் தடவினார். "அப்டியே இங்கயும் ஒரு கதவத் தொறந்துவுடுங்களேன்!" மாணவர்கள் சிரித்து ஓய நேரமாயிற்று.

பல வருடம் கழித்து, நீளவாலுக்குக் காரணம் ஒரு பொட்டாசியம் சேனல்தான் என்று ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தேன். முதல் போன் பாய்க்குத்தான்.

"அத்த நம்ம ஜோடி அப்பவே சொல்லிச்சே மேடம்!"

பாய் வந்துபோன நாளிலிருந்து அயன் சேனல் பாடத்தை நான் கரும்பலகையில் தொடங்கியதில்லை. முதலில் மீன். படம் போடுவதெல்லாம் அப்புறம்தான்.