பூத் மெட்டில்டாவும் ஒரு சாய்தளமும்

ஹைதராபாத் லாலாகுடா பஜாரில் பூத் மெட்டில்டாவைத் தெரியாதவர்கள் கிடையாது. போலியோவில் இரண்டு கால்களும் போனவள். திருநெல்வேலியிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த அப்பா இங்கேயே தங்கிவிட்டதால், அவளுக்குப் பிறந்த ஊரே இதுதான். ஊனமுற்றோருக்கென்று கிடைத்த எஸ்டிடி பூத்தை, ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருவாள், உட்கார்ந்தபடியே ஷட்டரைத் தூக்குவாள், வண்டியோடு உள்ளே போய்விடுவாள். ஒருத்தரையும் ஒரு கை பிடி என்று கேட்டதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அதிலும் மண் விழுந்தது. ஐடி கம்பெனிக்காரர்கள் லாலாகுடா வரை குடிவந்து வீட்டுக்கு வீடு கார் முளைத்ததும், பஜாரை அழகுபடுத்துகிறோம் என்று கார்ப்பரேஷன்காரர்கள் கிளம்பினார்கள். நடைபாதையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, பூப்போட்ட டைல்ஸ் ஒட்டினார்கள். நடப்பவர்களுக்காம்! மேலே பைக், கீழே கார், ஜனங்கள் நடுரோட்டில் பஸ்ஸுக்குக் குறுக்கே. தூ!

மெட்டில்டாவைத் தினமும் பக்கத்துப் பான் கடையில் நிற்பவர்கள் தூக்கி மேலே வைத்தார்கள். உதவிதான். ஆனால் அந்தக் கைகள்! அக்குளுக்குள் போகும், இடுப்பில் தேவைக்கு மேல் தங்கும், குட்கா வாய் கன்னத்தருகே வந்து இளிக்கும். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அருவருப்பு போகவில்லை. கடையை மூடினால் சோற்றுக்கு என்ன வழி? யாரும் தொடாமல் ஏற வாசலில் ஒரு சாய்தளம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவள் தெருவில் மாடியில் குடியிருந்த கிருஷ்ணகுமார்தான் மனு எழுதிக் கொடுத்தான். கோயம்புத்தூர்க்காரன், சாஃப்ட்வேர் வேலை, நல்ல பையன். கார்ப்பரேஷன் ஆபீசுக்கும் கூடவே வந்தான். இன்ஜினியர் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பர்சோ ஹோ ஜாதா அம்மா" என்றார். ஊரில் ஹிந்திப் பரீட்சையெல்லாம் பாஸ் செய்த கிருஷ்ணகுமாருக்குப் பர்சோ என்றால் நாளை மறுநாள், அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அன்றிலிருந்து அக்காவை யாரும் தூக்க வேண்டாமென்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் சொல்லிவைத்தது மெட்டில்டாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஹைதராபாத்தில் பர்சோ என்பது போன வருஷமாகவும் இருக்கும், அடுத்த பிறவியாகவும் இருக்கும்.

அவன் சொன்ன நாளில் சிமெண்டும் வரவில்லை, தூக்க ஆளும் வரவில்லை. பஸ்கள் உரசிப் போக, வெயிலில் கடைக்கு வெளியே காய்ந்தாள். கடைசியில் அவளே வாய்விட்டுப் பான் கடைக்காரர்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது முன்னதைவிடக் கேவலம்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் சாய்தளம் வந்தது. சிமெண்டு காய்ந்த மறுநாள், சர்ச்சுக்குப் போகும் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு மெட்டில்டா வந்தாள். சாய்தளத்தில் முன்சக்கரம் இரண்டையும் ஏற்றி ஒரு புதுக் கார் நின்றது. கேக் பெட்டியோடு பேக்கரியிலிருந்து ஓடிவந்தவன் கிருஷ்ணகுமார்.

"ரெண்டே நிமிசங்க்கா, வேற எடமே இல்லீங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். பெட்டியைக் கார்மேல் வைத்தான்.

"இருங்க்கா, நானே தூக்கி விட்டுர்றேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குனிந்தான்.

அதுவரை அவனைத் தம்பி, நீங்க என்றே பேசியவள் மெட்டில்டா.

"கையை எடு" என்றாள். "காரையும் எடு. தூக்க ஆள் போதும்னா எதுக்குடா நான் மனு போட்டேன்?"

காது சிவக்கக் காரை எடுத்தான். அவள் தானே கைப்பிடியைச் சுற்றி ஏறினாள், ஷட்டரைத் தூக்கினாள். பான் கடையில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பாவம் அந்தப் பையன், உதவி செய்யத்தானே வந்தான், நொண்டிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று.