சாரத்து முடிச்சில் உப்பு

அகப்பைக் காம்பால் புற்றைத் தட்டுகிறார் சுடலைமுத்து. முன்பு மலைத் தோட்டத்துப் பங்களாவில் விடியற்காலைத் தேத்தண்ணியோடு துரையின் அறைக் கதவைத் தட்டிய அதே தட்டு. மெல்ல, மரியாதையாக, எழும்பாவிட்டாலும் பரவாயில்லை என்பது போல. தட்டிவிட்டு இரண்டடி பின்னுக்கு வந்து நிற்கிறார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிச்சு வெளிய போயிட்டு வாங்க. அடுப்பு மூட்டணும்."

புற்று மறுமொழி சொல்வதில்லை. சொன்னால் சுடலைமுத்து ஒரே ஓட்டத்தில் மாங்குளம் தாண்டிவிடுவார்.

கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவருடைய கொட்டில் இருக்கிறது. கொட்டிலை விடப் புற்றுக்கு உயரம் கூட. கொட்டில் மனிதர் மெழுகியது, புற்று கறையான் மெழுகியது. மாரி மழைக்குக் கொட்டில்தான் கரைகிறது, புற்று அசையாது. அதன் ஒரு பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வாய் குடைந்திருக்கிறது. உள்ளே விறகு எரித்து, தணலை ஓரத்துக்கு ஒதுக்கி, தட்டைத் தள்ளி, வாயை உடைந்த ஓட்டால் மூடினால் போறணை தயார். வவுனியாவில் பாண் போடுகிறவர்கள் கண்டால் பொறாமைப்படுவார்கள்.

நெருப்பில்லாத நாட்களில் அங்கே இன்னொருவர் குடியிருக்கிறார். அவரைப் பாம்பு என்று சுடலைமுத்து ஒருநாளும் சொன்னதில்லை. 'ஐயா' என்பார். போறணை மூட்ட நினைக்கிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் புற்றின் வாயில் சாம்பலைத் தூவி, உள்ளங்கையால் தடவிச் சமன் செய்வார். விடிய வந்து பார்ப்பார். சாம்பலில் ஒரு கோடு இருந்தால் ஐயா வெளியே போயிருக்கிறார், மூட்டலாம். இரண்டு கோடு என்றால் போனவர் திரும்பி வந்துவிட்டார். கோடே இல்லையென்றால் ஆள் அசையவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அது கூடப் பரவாயில்லை. சுட்டதில் முதல் கரண்டியைத் தேக்கிலையில் வைத்துப் புற்றடியில் விட்டுவிட்டு வருவார். விடிய இலை வெறுமையாக இருக்கும். நாய் தின்றதென்று சொல்லலாம். ஆனால் அந்தப் பக்கத்து நாய்கள் புற்றைக் கண்டால் சுற்றிப் போகிறவை. இலை கவிழ்ந்தும் இருக்கும். காற்றுக்குப் புரண்ட மாதிரி இல்லை. பங்களாக் குசினியில் கழுவிய பீங்கான்களை வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்களே, அது போல. சுடலைமுத்து இலையை எடுத்துச் சுருட்டி அடுப்பில் போடுவார். அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

அவர் சுடுகிற பலகாரத்துக்குப் பெயர் துரைசாணி புடிங். மலையில் இருந்தபோது அதைப் பியர்ஸ் பழத்தில் செய்தார். இங்கே சோளகம் வீசும் காலத்தில் காடு முழுக்கப் பாலைப்பழம். மஞ்சள் முத்து மாதிரிப் பழம், தின்றால் பால் பிசின் போல உதட்டை ஒட்டிவிடும். அதிகம் கதைக்கிற ஆட்களுக்குக் கொடுக்க நல்ல பழம். சுடலைமுத்து கையிலே எருமை நெய்யைப் பூசிக்கொண்டு ஒவ்வொரு பழமாகப் பிதுக்கிக் கொட்டையை எடுப்பார். பிஸ்கற் தகரத்தை வெட்டித் தட்டிய தட்டில் பழத்தைப் பரப்பிச் சீனி தூவுவார். சங்கக்கடைக் கோதுமை மாவில் நெய்யும் எருமைப் பாலும் அப்பச்சோடாவும் போட்டுப் பிசைந்து, போறணை சூடேறிய பிறகு, அந்த மாவைக் கரண்டி கரண்டியாகப் பழத்துக்கு மேலே விடுவார். வெந்து வரும்போது மேலே மா பொன்னிறமாக வெடித்திருக்கும். வெடிப்புகளுக்குள்ளால் பழப்பாகு கொப்பளிக்கும்.

மணத்தை முகர்ந்தால் பசி வரும். வாயில் வைத்தால் முகம் சுளிக்கும். ஏனென்றால் மாவில் உப்பிருக்காது.

பக்கத்து வயல்காரர் வீரகத்தியும் மனைவி கமலாசனியும் குளத்துக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். சுடலைமுத்து அவர்களுடைய வயலில்தான் வேலை செய்கிறார். வருடா வருடம் ஒரு துண்டு அவர்கள் வீட்டுக்குப் போகும். வருடா வருடம் கமலாசனி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பங்களாக் குசினியில இருந்தனெண்டு சொல்லுறீர். ஒரு நுள்ளு உப்புப் போடத் தெரியாதே உமக்கு?"

"மறந்து போச்சுங்கம்மா."

மறக்கவில்லை. மா பிசையத் தொடங்கும்போதே ஒரு நுள்ளு உப்பை அளந்து எடுப்பார். அதை மாவில் போடாமல் சாரத்தின் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். துரைமார் வயிற்றைத் தடவிக்கொண்டு எழும்பும்படி சமைத்த மனிதர், கைவேலையைத் தானே கெடுத்துவிட்டுத் திருடன் போல உப்பை ஒளிக்கிறார்.

எல்லாம் அழகம்மாவுக்காக.

அழகம்மா அவருடைய மனைவி. எழுபத்தேழில், இனக்கலவரத்தில், பங்களாவை விட்டு ஓடி வந்த நாளிலிருந்து அவள் கதைப்பதில்லை. காது கேட்கும். வேலை செய்வாள், தண்ணீர் அள்ளுவாள், வயலில் களை பிடுங்குவாள். கதை மட்டும் இல்லை. அன்றைக்கு என்ன நடந்ததென்று கேட்டால் சுடலைமுத்து ஒரு வரிதான் சொல்லுவார்: "தொரை கூப்புடுற மேசை பெல்லு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. அடுப்புல புடிங் வெந்துக்கிட்டு இருந்துச்சு. எறக்காம வந்துட்டோம்."

வந்த அடுத்த கோடையில் அழகம்மா தானாகவே ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் புற்றைக் குடைந்தாள். ஏனென்று சொல்லவில்லை. வாயை அளவாக வெட்டி, உள்ளே கையை விட்டுத் தடவி, மனம் சரியென்றதும் எழும்பி வந்தாள். சுடலைமுத்துவுக்கு விளங்கிவிட்டது. இருந்த கொஞ்சச் சீனியோடு புடிங் சுட்டார். அழகம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.

"சீனி பத்தலை" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு வாய் மூடிவிட்டது. சுடலைமுத்து வேலியடியில் போயிருந்து அழுதார்.

அடுத்த கோடைக்குச் சீனி தாராளம். குறை சொல்ல ஒன்றுமில்லாத புடிங். அழகம்மா முழுவதையும் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு சொல் இல்லை. அதற்கடுத்த கோடையில் கைதவறிக் கருகிவிட்டது. "கரிஞ்சிருச்சு" என்றாள். அப்போதுதான் மனிதருக்கு விஷயம் பிடிபட்டது. அன்று முதல் உப்பு சாரத்துக்குப் போகிறது; "உப்பில்ல" என்ற ஒரு சொல் வெளியே வருகிறது. பெண்சாதி குறை சொல்லாதிருக்க வேண்டுமென்று நேர்த்தி வைக்கிற ஊரில், குறை சொல்ல வேண்டுமென்று வருடம் முழுக்கக் காத்திருக்கிற ஒரே புருஷன் இவர்தான்.

கறியில் உப்பைக் குறைத்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். இருவரும் சப்பென்ற கறி தின்றதுதான் கண்ட பலன். மணலில் சட்டியை வைத்து மேலும் கீழும் தணல் போட்டுப் புடிங் சுட்டும் பார்த்தார். அழகம்மா அதைத் தொடவே இல்லை. புற்றில் சுட வேண்டும், பாலைப்பழத்தில் சுட வேண்டும், அதிலும் பருவத்தின் முதல் புடிங்காக இருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல் கிடைத்ததும் சாரத்து முடிச்சை அவிழ்த்து, உப்பை வீரகத்தியின் எருமைக்கு நக்கக் கொடுப்பார். பிறகு ஒரு கிழமைக்கு அவரைப் பிடிக்க முடியாது. சந்திக் கடைக்குப் போய்க் கடைக்காரர் இளையதம்பியிடம், "நேத்து அவ பேசிட்டாங்க" என்பார்.

"என்ன சொன்னவ?"

"உப்பில்லைன்னா."

"என்ரை மனிசியும் அதைத்தான் சொல்லுறா, ஒவ்வொரு நாளும். மாத்துவமே?"

சுடலைமுத்துவும் சேர்ந்து சிரிப்பார். மாற்ற மாட்டார்.

இந்த வருடம் பாலை பழுத்த கையோடு வில்லங்கமும் வந்தது. தண்ணீருக்குப் போன கமலாசனி ஐயாவைக் கண்டுவிட்டார். படமெடுத்துப் பத்தி விரித்தபடி புற்றின் வாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்று பின்னேரமே வீரகத்தி மஞ்சள் துணியோடும் வாழைப்பழச் சீப்போடும் வந்து நின்றார். பின்னால் நாலைந்து வயல்காரர்.

"சுடலை, இனி இதுக்குள்ள நெருப்பு மூட்டேலாது. நாகதம்பிரான் குடியிருக்கிற இடமப்பா. துணி கட்டிக் கோயிலாக்கிக் கும்பிடப்போறம்."

"தெரியுங்கய்யா. கேட்டுட்டுத்தான் மூட்டுவேன்."

"கேட்டிட்டோ? பாம்பிட்டையோ? விசரே உமக்கு?"

"அதுக்கென்ன, காட்டுக்குள்ள புற்றா இல்லை?" என்றார் கமலாசனி. "வேறை ஒண்டில போய்ச் சுடுமன்."

"இது அவ தோண்டுனதுங்கம்மா." சுடலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்த ஒரு வாட்டி மட்டும் விடுங்க. பழமெல்லாம் பொறுக்கியாச்சு."

வீரகத்தி பொல்லாத மனிதரல்ல. கொட்டில் வாசலில் நின்ற அழகம்மாவைப் பார்த்தார். பிறகு துணியை மடித்துத் தோளில் போட்டார்.

"சரி. உம்மடை சாம்பலைப் போடும். விடிய எல்லாரும் வந்து பாப்பம். ஒரு கோடெண்டா கடைசித் தரமா மூட்டும். இல்லாட்டி அப்பவே துணி கட்டுறம். பிறகு கதைக்கப்படாது."

சுடலைமுத்து சாம்பலைத் தூவித் தடவினார். ஒரு தரம் தடவியது போதாதென்று இன்னொரு தரமும் தடவினார். துணி கட்டிவிட்டால் இனி எந்தக் கோடையிலும் அந்த ஒரு சொல் இல்லை.

விடிந்தது. சோளகம் நின்றிருந்தது, அந்த மாதத்தில் காற்று நிற்பதில்லை. பாலைமரத்தில் குரங்குகள் இருந்தும் ஒன்றும் சத்தமில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

இரண்டு கோடு.

ஒன்று வெளியே போனது. மற்றது அதன் மேலேயே ஏறித் திரும்பி வந்தது. சந்தேகப்பட இடமில்லை.

சுடலைமுத்து அகப்பைக் காம்பால் தட்டினார். "ஐயா..." என்றார். திரும்பவும் தட்டினார். புற்றுக்குள் ஏதோ மெல்ல நகர்ந்து ஓய்ந்தது. வீரகத்தி துணியை விரித்தார். பழத்தட்டும் மாச்சட்டியும் சுடலைமுத்துவின் காலடியில் இருந்தன. பழத்தில் எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது. அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை. கை இடுப்பிலிருந்த முடிச்சைப் பிடித்தபடி இருந்தது.

அப்போது அழகம்மா கொட்டிலை விட்டு இறங்கி வந்தாள். எதையோ உற்றுக் கேட்கிறவள் போலத் தலையைச் சரித்திருந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே புற்றடிக்குப் போய், விரல் முட்டியால் தட்டினாள். மெல்ல, மரியாதையாக.

"எந்திரிங்க ஐயா" என்றாள். "பெல்லடிக்குது. அடுப்புல வேலை இருக்கு."

துரு ஏறிய கொக்கியைக் கழற்றியது போல இருந்தது குரல். புற்றின் வாயில் கறுப்பாக ஒன்று நிறைந்தது, வழிந்தது, இறங்கியது. சாம்பலில் மூன்றாவது கோடு போட்டுக்கொண்டு, அழகம்மாவின் வெறுங்காலை உரசி, வீரகத்தியின் துணி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டி, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

கமலாசனி நிலத்தில் விழுந்து கும்பிட்டார். மற்றவர்களும் விழுந்தார்கள். வீரகத்தி மட்டும் கும்பிட்ட கையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கயப்பா மணி அடிக்குது?" என்று கேட்டார். "உங்களுக்குக் கேக்கேல்லையே?"

அங்கே அருகில் கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வீரகத்தி சாம்பலைப் பார்த்தார், துணியை மடித்தார்.

"மூட்டும்" என்றார்.

சுடலைமுத்து பாம்பைப் பார்க்கவே இல்லை. அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவர் அழகம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாய் திரும்பவும் திறந்தது.

"ஏங்க, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? பெல்லடிச்சு எவ்வளவு நேரமாச்சு. வெறகை வையுங்க."

"இந்தா, வைக்கிறேன்" என்றார் சுடலைமுத்து. "வைக்கிறேன் புள்ள."

விறகு அடுக்கினார். நெருப்புப் பற்றியது. புற்றின் கண்களிலெல்லாம் புகை வந்தது. பிறகு மாச்சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குந்தினார். சாரத் தலைப்பை இழுத்தார். முடிச்சு வியர்வையில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, அந்த நுள்ளு உப்பையும் மாவில் போட்டுப் பிசையத் தொடங்கினார்.