பிணம் தாமதமாக வந்த நாவல்

முதல் நாள்

1992-இல் ஆஸ்டின் டவுனில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் டிடிபி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், சர்ச் பாட்டுப் புத்தகம் எல்லாம் அடிப்போம். அதோடு மாதம் ஒரு துப்பறியும் நாவலும் போட்டு பெங்களூரு, ஓசூர், கோலார் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். முதலாளி ஆறுமுகம் என் கையில் கொடுத்த முதல் வேலையே அந்த நாவலின் கைப்பிரதிதான். எழுதியவர் பெயர் தேவமணி.

"ஆத்தர் சாயங்காலம் புரூஃப் பார்க்க வருவாங்க. அதுக்குள்ள ரெண்டு சேப்டராவது பிரின்ட் எடுத்து வெச்சிடும்மா" என்றார்.

சாயங்காலம் பீன்யா தொழிற்பேட்டை ஃபேக்டரியின் நீலக் கோட்டோடு ஓர் அம்மா வந்து நின்றார். தோளில் டிபன் பை. ஏதோ பில் புக் விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா. தேவமணி சார் வர நேரம். அவரை அனுப்பிட்டு உங்களைக் கவனிக்கிறேன்."

"அந்த சார் வந்து நின்னுட்டுதாம்மா இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆணா பெண்ணா என்று பெயரைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அதை அப்படியே விட்டுவைத்தது முதலாளிதான். "பொம்பள எழுதுறான்னு தெரிஞ்சா கொலைக் கதைய எவன் வாங்குவான்?" என்பார். தேவமணி அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். சென்னையில் அவர் கதவைத் தட்டிய பதிப்பாளர்கள் எல்லாரும் பிரதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆறுமுகம் ஒருவர்தான் போட்டார்.

ரோஸ்மேரியின் ஊர்

துப்பறிகிறவன் என்றால் காரில் வருவான், துப்பாக்கி வைத்திருப்பான், வில்லனை மாடியிலிருந்து தள்ளிவிடுவான் என்றுதான் நான் அதுவரை படித்திருந்தேன். அக்காவின் கதைகளில் துப்பறிகிற ரோஸ்மேரி ஒரு டெலிபோன் ஆபரேட்டர். கணவனை இழந்தவள். பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். கொலை நடந்த வீட்டில் டீ குடிப்பாள், பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், பேச்சுக் கொடுப்பாள். கடைசியில் உண்மை தானாக வெளியே வரும். எங்கள் கண்டோன்மென்ட் தெருக்களில் நடக்கிற துப்பறியும் கதையை, அதுவும் ஒரு பெண் துப்பறிகிற கதையை, எனக்குத் தெரிந்து தமிழில் முதலில் எழுதியவர் அவர்தான்.

அக்காவும் கணவரை இளம் வயதில் இழந்தவர். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு தப்பினால் ஓரமாக எடுத்துப் போடுகிற வேலை. நாவலையும் அதே கண்ணோடுதான் படிப்பார். "இவ மழையில நனைஞ்சு வந்தான்னு அடிச்சிருக்கே வசந்தா. அடுத்த பக்கத்துல பவுடர் வாசனை வருதே? என் தப்புதான், மாத்து" என்பார். அச்சுத் தகடு செய்வதற்காக பட்டர் பேப்பரில் பிரின்ட் எடுத்த பிறகு திருத்தம் சொன்னால் எங்களுக்கு எரிச்சல் வரும். அவர் சொன்னால் வராது.

மாசிலாமணி

சில வருஷம் கழித்து 'நீலச் சுடர்' என்ற நாவல் வந்தது. புகுந்த வீட்டில் ஸ்டவ் வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் சாவு, கொலைதான் என்று ரோஸ்மேரி கண்டுபிடிப்பாள். முதல் வரியிலேயே பிணம். அது நன்றாக ஓடியது.

ஒரு மத்தியானம் அந்தப் புத்தகத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பெயர் மாசிலாமணி, லிங்கராஜபுரத்தில் தச்சு வேலை செய்கிறவர். "இதை எழுதின சாரைப் பாக்கணும்" என்றார். அவருடைய ஒரே பெண் கிரேஸ், கல்யாணமான இடத்தில் ஸ்டவ் விபத்தில் இறந்துபோயிருந்தாள். போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "போலீஸ் கேஸெல்லாம் நமக்கு எதுக்கும்மா பேஜாரு? ஆத்தர் ஊர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிடு" என்றார். வெளியே வந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய் வாயில் வரவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தார். எழுதியவர் பெண் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லதாப் போச்சும்மா. ரோஸ்மேரி கண்டுபிடிச்சா இல்ல? எங்க கிரேஸுக்கும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

அக்கா அவர் கைகளைப் பிடித்து இறக்கினார். "அண்ணா, கதையில கொன்னவன் யாருன்னு நானே முடிவு பண்ணிட்டுதான் எழுத உக்காருவேன். நிஜத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்போ இதுல இருக்கிறதெல்லாம் சும்மாவா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா எழுந்து, "அந்த வீடு எங்க இருக்கு? போலாம். வசந்தா, நீயும் வா" என்றார்.

யாரும் கேட்கவில்லை

கிரேஸ் வாழ்ந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கன்னடக்கார அம்மா இருந்தார். அக்கா கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தவர், கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். அன்றைக்கு ஸ்டவ் வெடித்த சத்தம் எதுவும் கேட்கவில்லை, அந்தப் பெண் அலறியதுதான் கேட்டது, அதற்கு முன்னால் பல நாள் அடி வாங்கி அழுததும் கேட்டது என்றார்.

"இதை நீங்க போலீஸ்கிட்ட சொல்லலையா?" என்று அக்கா கேட்டார்.

"யாரூ கேளலில்லம்மா." யாருமே கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாசிலாமணி சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தார். பெண் அடி வாங்கியது அவருக்கு அன்றுதான் தெரியும்.

அக்கா மனு எழுதிக் கொடுத்தார். ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு அந்தக் கன்னடக்கார அம்மாவுக்குத் தைரியம் சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு போலீஸ்காரர், "கதை எழுதுறவங்க எல்லாம் இங்க வந்து கதை சொல்றீங்களா?" என்று சிரித்தாராம். பிறகு ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். வழக்கு திரும்பத் திறக்கப்பட்டது.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் அச்சகத்துக்கு வந்து கத்தினார்கள். கம்ப்யூட்டரை உடைப்போம் என்றார்கள். முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டு, மறுநாள் அக்காவிடம் சொன்னார்: "எனக்கும் குடும்பம் இருக்கும்மா. ஒண்ணு அந்த கேஸை வுடு. இல்ல, இங்க வராத."

"கேஸை வுட முடியாது. நாவலை நிறுத்திக்கிறேன்" என்றார் அக்கா. என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவரு பயப்படறது நியாயம்தான். ஆனா எழுத உக்காந்தாலும் எனக்கு வரமாட்டேங்குது வசந்தா. முதல் வரியில ஒரு பொண்ணைக் கொன்னு போட கை வரல."

பல மாதங்கள் தேவமணி பெயரில் நாவல் வரவில்லை. வேறு யார் யாரையோ எழுதவைத்துப் பார்த்தோம், விற்காத பிரதிகள் ரிட்டர்னாகக் கட்டுக்கட்டாக வந்தன. கடைசியில் முதலாளியே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனார். "உன் போட்டோவ ரேப்பர்ல போட்டுக்கிறேன். எவன் வர்றானோ வரட்டும். எழுதித் தாம்மா" என்றாராம். பயந்தவர்தான். ஆனாலும் போனார். அதை நான் சொல்லாமல் விடக்கூடாது.

கிரேஸின் பக்கங்கள்

கிரேஸின் கதையை எழுதுவதற்கு முன் அக்கா மாசிலாமணியிடம் அனுமதி கேட்டார்.

"பேரை மட்டும் போடாதீங்க. அவ பாடுவாம்மா. சர்ச் கொயர்ல ஆல்ட்டோ, கீழ்க்குரல் பாடுவா. அதைப் போடுங்க" என்றார் அவர்.

கைப்பிரதி வந்ததும் முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாதி புக்கு வரைக்கும் பொணமே இல்லையே! வாசகன் எதுக்குப் படிப்பான்?"

"அவ கொஞ்ச நாள் உயிரோட இருக்கட்டும் சார். அவளைத் தெரிஞ்சாதானே, போனப்ப வலிக்கும்?"

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அச்சடித்தார். அட்டையில் அக்காவின் படம், சின்னதாக. நாவல் முன்னைப் போலவே விற்றது. முன்னைவிட அதிகமாகப் பெண்கள் வாங்கினார்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். டிவி சீரியல்கள் வந்து மாத நாவல்களைச் சாப்பிடும் வரை அக்கா எழுதினார். அதன் பிறகு அவர் எழுதிய எந்தக் கதையிலும் இறந்தவளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் அவள் பிணத்தைப் பார்க்க முடியாது.

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. கொலை நிரூபணமாகவில்லை. கொடுமைப்படுத்தியதற்காக மாப்பிள்ளைக்குச் சிறை கிடைத்தது. ரோஸ்மேரியின் கதைகளில் வருகிற மாதிரி முடிவு இல்லை. அக்கா அதைச் சமாதானமாக ஏற்றுக்கொள்ளவே இல்லை.

இப்போது டிடிபி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. பக்கத்துக்கு இத்தனை வரி என்று அடித்துத் தள்ளுகிறோம். அந்த வரிகளில் சாகிறவர்கள் வேறு யாருடைய வீட்டிலோ நிஜமாகச் செத்திருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு அடியுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வாசகர்.

கிரேஸின் கதையாக வந்த அந்த நாவல் பைண்டிங்கிலிருந்து வந்த அன்று மாசிலாமணி அச்சகத்துக்கு வந்தார். ஒரு பிரதியைக் கொடுத்து நாற்காலி போட்டேன். உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். அந்தப் பெண் பாடுகிற பக்கத்தை இரண்டு முறை படித்தார். பாதிப் புத்தகம் தாண்டும் இடத்தில், அவள் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போகிற அத்தியாயம் தொடங்கும் முன், புத்தகத்தை மூடிவிட்டார்.

"மிச்சம் படிக்கலையாண்ணா?" என்று கேட்டேன்.

"இது வரைக்கும் போதும்மா" என்றார்.