ரெஜினா அத்தை வாங்காத கார்

அன்று மதியம் பள்ளி வாசலில் அத்தையின் ஸ்கூட்டர் நின்றது. பள்ளி முடியுமுன் பாதியில் என்னை அழைத்துப்போக யாராவது வருவதென்றால் அது அத்தையாகத்தான் இருக்கும். வண்டியின் நிறத்தைப் பார்த்ததும் பையை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனேன். பக்கத்தில் போன பிறகுதான் அதில் உட்கார்ந்திருப்பது அப்பா என்று தெரிந்தது. அத்தையின் ஹெல்மெட் அவர் தலையில் முழுதாக இறங்காமல் நெற்றிக்கு மேலே நின்றது. அந்த ஸ்கூட்டரை அப்பா அதுவரை தொட்டதே இல்லை. "ஏறு ஜோசி" என்றார். நெல்லித்தோப்பில் எங்கள் தெரு வரும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

ரெஜினா அத்தை, அப்பாவின் தங்கை, மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையில் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்திருக்கிறார். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அத்தனை வருடம் கூடவே வேலை பார்த்தவர்கள் சுற்றி இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தைக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் பழைய கார்களோடு கூடுகிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் அத்தை நேராக உங்களிடம்தான் வருவார். அவரிடம் இருந்தது ஸ்கூட்டர் மட்டும். அதற்கும் உங்கள் வண்டிகளுக்கு நடுவே இடம் விட்டீர்கள். அடக்கத்தன்று நீங்கள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்ததைப் பார்த்தேன். உள்ளே கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. எல்லோரும் தூங்கிய பிறகு, வெளிச்சம் வெளியே போகாமல் கதவுக்கு அடியில் துண்டைச் செருகிவிட்டு எழுதுகிறேன். வெல்டிங் செல்வம் அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன். நீங்கள் மட்டும் படியுங்கள். நான் எழுதினேன் என்று வெளியே தெரிய வேண்டாம்.

உங்களில் புதிதாக வந்தவர்களுக்காக அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் அது நிற்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடையது. எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் இருக்கும் ஊருக்கே, பிரான்சுக்கே, போய்விடப் போவதால் அதை விற்க நினைத்தார். சிவப்பு நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். உடம்பு முழுக்க ஃபைபர் என்பதால் இத்தனை வருடக் கடல்காற்றிலும் மேலே ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஆனால் அடியில் எல்லாவற்றையும் தாங்கும் சேசிஸ் இரும்பு. "வெளிய பார்த்தா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, படம் எடுத்தாத்தான் தெரியும்" என்று அத்தை சொல்வார். எக்ஸ்ரேவுக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்வார், அந்தக் காரைப் பற்றியும் சொல்வார்.

இரண்டு வருடம் அத்தை அதை வாங்கிக்கொண்டும் வேண்டாம் என்று விட்டுக்கொண்டும் இருந்தார், மனசுக்குள்ளேயே. இன்ஜின் எங்கும் கிடைக்கிற இன்ஜின்தான், பிரச்சினை இல்லை என்பார். ஆனால் முன்கண்ணாடி உடைந்தால் அந்த வளைவில் இன்னொன்றுக்கு எங்கே போவது? ஐப்பசி மழையில் துணிக்கூரை ஒழுகினால் மடியில் சட்டி வைத்துக்கொண்டா ஓட்டுவது? எங்கள் தெருவின் வேகத்தடையில் அதன் வயிறு உரசும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டும். இதையெல்லாம் பின்சீட்டில் இருக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் குருசுக்குப்பம் பக்கம் திருப்புவார். வீட்டுக்குப் போக அது வழியே கிடையாது. ஏன் இப்படி வருகிறோம் என்று ஒருமுறை கேட்டேன். "இந்த ரோட்ல பள்ளம் கம்மிடி" என்றார். அந்தத் தெருவில் பள்ளத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தார். கார் வாங்குவதானால் குடும்பத்தோடு போகிற மாதிரி ஒன்று வாங்கு, நானே கூட வருகிறேன் என்றார். அத்தை, எனக்கு அது வேண்டாம், இதுதான் வேண்டும் என்றார். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ரெண்டு சீட்டு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"மார்க்கெட் போனா காய்கறிக்கு."

"சிரிப்பு வேணாம் ரெஜினா. பார்க்கறவன் அதத்தான் கேப்பான்."

"கேட்டா காய்கறிய காட்டுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு முன்னறையில் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேச்சு நடந்தது. அம்மாவும் அங்கேதான் இருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அத்தை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கிளம்பு, முசியே வீட்டுக்குப் போறோம்" என்றார். இரண்டு வருடமாக வெளியே இருந்து பார்த்த காரை அன்றுதான் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். முசியே சாவியை எடுத்துவருவதற்குள் அத்தை பானட்டில் கைவைத்துப் பார்த்தார். அது சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அதை உங்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வாரே. முசியே பார்த்துவிட்டுச் சிரித்தார். "தூங்கிட்டு இருக்கு மத்மசேல், நீங்களே எழுப்புங்க" என்றார். குளிர்ந்த இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது.

கடலோர ரோட்டில் காலாப்பட்டைத் தாண்டிப் போனோம். கூரையை மடித்திருந்தோம். உட்கார்ந்தால் ரோடு கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது, லாரிச் சக்கரங்கள் என் தலை உயரத்துக்கு ஓடின. ஜாலியாக இருக்கிறது இல்லையா என்று கத்தினேன். "பேசாத. சத்தத்தக் கேளு" என்றார். கியரை மாற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் வீட்டில் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

கனகசெட்டிக்குளத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியை ஓரமாக நிறுத்தினார். மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, பாதி காருதான் குடுத்தானா?"

"மீதிய அப்புறம் தரேன்னு சொல்லியிருக்கான்க்கா."

"நம்பாத. பின்சீட்ட அவன் வித்துத் தின்னிருப்பான்."

அத்தை ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பஸ் வந்து அந்த அம்மா போன பிறகும் அங்கேயே இருந்தோம். போகலாமா என்று நான்தான் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றார்.

திரும்பும்போது மிகவும் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப்போயின. வண்டியில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கவனிக்கிறார் என்று நினைத்தேன்.

ஷெட்டுக்கு வந்ததும் தரையில் பேப்பரை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். வெளியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஸ்குரூடிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று கேட்டது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தொப் என்றது. அந்த இடத்தில் இன்னொரு முறை தட்டினார். பிறகு சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது, துரு விழுந்துவிட்டது என்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார்.

"வேணாம் முசியே. சேசிஸ் போயிடுச்சு."

முசியே வற்புறுத்தவில்லை. வண்டி எங்கேயும் போகாது, மனசு மாறினால் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் கார் வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. நல்லவேளை, புத்தி வந்தது என்றார். அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே, "புத்தி வரல அண்ணா. சேசிஸ் போயிடுச்சு" என்றார். நான் சிரித்தேன். அந்தப் பதிலை எத்தனையோ நாள் எனக்குள் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அப்பா சொன்னதற்காக அத்தை விடவில்லை, இரும்பு சரியில்லை என்பதால் விட்டார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் உங்களிடம் வரவில்லை. முதல் பூசையை விட்டுவிட்டு எட்டரைப் பூசைக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமையாவது தூங்குகிறேனே என்றார். உங்களில் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கும். உங்கள்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

போன வாரம் முப்பதாம் நாள் பூசை. பிறகு வீட்டில் சாப்பாடு. அப்பா எல்லோருக்கும் நடுவே எழுந்து அத்தையைப் பற்றிப் பேசினார். தங்கை என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை, கார் என்று ஒரு ஆசை வந்தது, வேண்டாம் என்றேன், விட்டுவிட்டாள் என்றார். பேசும்போதே அழுதார். அத்தையின் ஸ்கூட்டரை அவர் தினமும் துடைத்துவைக்கிறார். அவர் அழுததில் பொய் இல்லை.

செல்வம் அண்ணன் மட்டும் அன்று உள்ளே வந்திருந்தார். உங்களில் பலருடைய வண்டிகளுக்கு வெல்டிங் வேலை செய்துகொடுப்பவர் என்பதால் அத்தை அவரை அடிக்கடி பார்ப்பார். கைகழுவும் இடத்தில் அவர் தனியாக நின்றபோது போய், அப்பா சொன்னது சரியில்லை, சேசிஸ் போனதால்தான் அத்தை வாங்கவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"அங்க துரு இருக்கும்னு அவங்களுக்கு முதல்லயே தெரியும்மா. இந்தக் கடலோரத்துல எந்த வண்டிக்கு இல்ல? தகடு வெச்சு அடிச்சா ரெண்டு நாள் வேலை. அடிச்சுத் தரேன்னு நான் சொல்லி, சரின்னுட்டுப் போனாங்க."

அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். அப்பா வெளியே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்.

"உனக்காகத்தான்டி விட்டா. அந்தக் காரு வாசலுக்கு வந்தா உன்ன விழுப்புரம் ஹாஸ்டல்ல சேத்துடுவேன்னார் உங்க அப்பா. அவ கூட சுத்தித்தான் நீ இப்படி ஆயிட்டியாம். ராத்திரியே ரெஜினா சரின்னுட்டா."

ராத்திரியே. அப்படியானால் மறுநாள் காலையில் என்னை எழுப்பும்போது அத்தை முடிவு செய்துவிட்டிருந்தார். பானட்டைத் தொட்டபோதும், கனகசெட்டிக்குளத்தில் இன்னும் கொஞ்ச நேரம் என்றபோதும் அது முடிந்துபோன விஷயம். வண்டிக்கு அடியில் போய் அவர் தேடியது, என்னிடம் சொல்ல ஒரு காரணம். எனக்குச் சொல்லக்கூடிய காரணம், அப்பாவையும் மட்டம் தட்டக்கூடிய காரணம். அது கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில்தான் தட்டியிருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஹாஸ்டலுக்குப் போகிறேன் அத்தை என்று சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. இனி அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

முசியே இன்னும் கிளம்பவில்லை, கார் ஷெட்டிலேயே நிற்கிறது. உங்களில் யாராவது வாங்குவதானால் வாங்குங்கள். செல்வம் அண்ணன் தகடு அடித்துக் கொடுப்பார். ரெஜினா ஏன் வாங்கவில்லை என்று யாராவது கேட்டால் மட்டும் சேசிஸ் என்று சொல்லாதீர்கள். அண்ணன் பேச்சைக் கேட்டு அடங்கினார் என்றும் சொல்லாதீர்கள். அவருக்கு அந்தக் கார் கடைசிவரை வேண்டியிருந்தது.

அத்தைக்கு யாரைக் கண்டும் பயம் இல்லை என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு அவர் பதிலடி கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தைரியத்தில் பாதியாவது வராதா என்று ஏங்கியிருக்கிறேன். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். பயந்துகொண்டேதான் மறுநாள் என்னை எழுப்பி, இன்னொரு சீட்டு யாருக்கு என்று அப்பா கேட்ட அதே சீட்டில் உட்காரவைத்து, ஊர் எல்லைவரை ஓட்டிப் போயிருக்கிறார். அத்தையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். அதைச் சுமந்துகொண்டே வாசலைத் தாண்ட முடியும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.