இன்னும் ஒரு சைஸ் சின்னது

நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உட்கார்ந்து கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்தது என் கூடப்பிறந்த தங்கைக்கு. நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

பேய் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் அவள். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று என்னை அலற வைப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கரப்பான்பூச்சி ஒன்றுக்குத்தான் கட்டில்மேல் ஏறுவாள். அப்பேர்ப்பட்டவள் வந்து சொன்னதால்தான் நான் மறுபேச்சில்லாமல் நம்பினேன்.

படிப்பு முடிந்து நல்ல வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பகுதி நேர வேலை கிடைத்தது. மாலை நான்கு மணி முதல் எட்டு வரை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் தலையில்லாத பொம்மைகள் என்று பகட்டான கடைதான். கீழே மேனேஜரம்மாவும் பில் போடுகிற பெண்ணும் இருப்பார்கள். மாடியில் பெண்கள் உடைகளும் குழந்தைகள் உடைகளும். கோடியில் மூன்று டிரையல் ரூம். மாடி முழுக்க இவள் ராஜ்ஜியம்.

இதற்கு முன்னால் இரண்டு வேலைகளை வாயாலேயே கெடுத்துக்கொண்டவள். "இதுலயாவது ஒழுங்கா நிலைச்சு நில்லுடி" என்று அம்மா தினமும் காது புளிக்கச் சொல்லி அனுப்புவாள். அந்தக் கடையிலோ ஒரே ஒரு சட்டம்தான். வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கேட்ட சைஸ் கடையில் இருந்தால் எப்பாடு பட்டாவது எடுத்து வந்து கொடுத்தே ஆக வேண்டும்.

இவள் இரண்டாவது வாரமே சோம்பல்பட்டு, தேடிப் பார்க்காமலேயே ஓர் அம்மாளிடம் "அந்த சைஸ் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் தானே அலமாரியைக் குடைந்து அதை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே போய்விட்டார்.

"இன்னொரு தடவை இப்படிப் புகார் வந்துச்சுன்னா, மறுநாள் நீ வர வேண்டாம்" என்றார் மேனேஜரம்மா.

அன்றிலிருந்து பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டாள். இந்த வேலையையும் தொலைத்துவிட்டு அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

அந்த மாதம் கடையில் ஒரு புதுச் சரக்கு வந்திருந்தது. அம்மாவும் மகளும் ஒரே மாதிரி போட்டுக்கொள்கிற கவுன். கருநீல நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை. பெரிய உடம்புக்காரர்களுக்கான எக்ஸெல்லில் ஆரம்பித்து ஆறு மாதக் குழந்தை சைஸ் வரைக்கும் அதே துணி, அதே தையல்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியத்திலிருந்தே அடைமழை. ஆறு மணிக்குப் பிறகு மாடிக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இவள் படிக்கட்டைப் பார்த்து நின்றபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சரியாக 6.52. மூன்றாவது டிரையல் ரூமின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டக்.

யார் எப்போது ஏறி வந்தார்கள்? மடிக்கிற மும்முரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த அறைக் கதவுகள் தரைக்கு ஒன்றரைச் சாண் மேலேயே நின்றுவிடும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. குனிந்து கால் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். இவளும் குனிந்து பார்த்தாள். இரண்டு வெறுங்கால்கள். அகலமான பாதம். குதிகாலில் வெடிப்பு.

செருப்பு மட்டும் எங்கேயும் காணோம்.

6.55-க்குக் குரல் வந்தது.

"ஏம்மா... இது லூசா இருக்கு. இன்னும் ஒரு சைஸ் சின்னது கிடைக்குமா?"

நடுத்தர வயதுக் குரல். கொஞ்சம் கரகரப்பு. கதவுக்கு மேலாக ஒரு பருத்த கை நீண்டது. கையில் கருநீல கவுன், எக்ஸெல். இவள் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் கழற்றியது போலத் துணி கதகதவென்றிருந்தது. லார்ஜ் எடுத்து வந்து கொடுத்தாள்.

7.01. "இதுவும் லூசுதாம்மா. இன்னும் ஒரு சைஸ் சின்னது..."

மீடியம் கொடுத்தாள். தன் உடம்பு தனக்கே தெரியாத ஆட்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

7.07. ஸ்மால்.

இந்த முறை கதவுக்கு மேலே நீண்ட கை, கதவு விளிம்பை எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டது. மணிக்கட்டு எலும்பாகத் தெரிந்தது. முதலில் பார்த்த கை இதுதானா... இவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

7.13. "இன்னும் ஒரு சைஸ் சின்னது இருக்குமாம்மா?"

பெரியவர்கள் சைஸ் ஸ்மாலோடு முடிந்துவிட்டது. அடுத்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. அப்போதுதான் இவளுக்குப் பொறி தட்டியது. அட, அம்மாவும் மகளும் போடுகிற கவுன்தானே! உள்ளே மகளும் இருக்கிறாள். இரண்டு பேருமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கா இப்படிப் பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பன்னிரண்டு வயது சைஸை எடுத்து வந்தாள். எதற்கும் பார்த்துவிடலாமே என்று குனிந்தாள்.

இரண்டே கால்கள்தான் இருந்தன.

சின்னக் கால்கள். வெடிப்பு இல்லாத, வழுவழுப்பான குதிகால்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. இவள் இடுப்பு உயரத்தில் ஒரு கை வெளியே வந்து துணியை வாங்கிக்கொண்டது. கதவு மூடியது. டக்.

ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். ஓடிப் போய்க் கீழே என்னவென்று சொல்வது? 'கஸ்டமரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது' என்றா? வேலை போய்விடும். அம்மா முகம் கண்முன் வந்தது. நின்றாள்.

7.20. "லூசா இருக்கும்மா..."

பத்து வயது சைஸ் கொடுத்தாள்.

குரல் மட்டும் மாறவே இல்லை. அதே நடுத்தர வயதுக் குரல். அதே கரகரப்பு.

7.28.

"இன்னும் ஒரு சைஸ் சின்னது..."

இந்த முறை கை கதவுக்கு மேலேயும் வரவில்லை. பக்கத்திலும் வரவில்லை.

கதவுக்கு அடியிலிருந்து வந்தது.

உள்ளங்கை விரிந்து காத்திருந்தது.

இவள் எட்டு வயது சைஸை எடுத்துவிட்டாள். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தக் கதவுக்கு நான்கடி முன்னால் கால்கள் நின்றுவிட்டன. வாய் தானாகச் சொன்னது.

"இல்லீங்க... அந்த சைஸ் தீந்துபோச்சு."

மழைச் சத்தம்.

"அப்போ மேனேஜரைக் கூப்பிடு."

இவளுக்கு உயிரே போய்விட்டது. புகார். மறுநாள் வர வேண்டாம். இத்தனையும் தாங்கி நின்றது வீணாகிவிடுமே... ஓரடி முன்னால் வைத்தாள்.

"இருங்க... பாத்து எடுத்துட்டு வரேன்."

"எதுக்குப் பாக்கணும்? கையிலதான வச்சிருக்க?"

குனிந்து பார்த்தாள்.

கதவுக்கு அடியில்... தரையோடு தரையாக...

ஒரு கன்னம்.

ஒரு கண்.

கையிலிருந்த கவுன் நழுவி விழுந்தது. எப்படிப் படியிறங்கினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஓடும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டதாம். தரையில் துணி இழுபடுகிற சத்தம்.

சரக்...

கீழே வந்து விழுந்தபோது பில் போடுகிற இடத்துக் கடிகாரத்தில் 7.34. மேனேஜரம்மா இவள் முகத்தைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மேலே போய்ப் பார்க்கவும் இல்லை. சுவரிலிருந்த மாடி விளக்குகளின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்த சைஸ் வரைக்கும் குடுத்த?"

"பத்து... பத்து வயசு சைஸ் மேடம்."

"வீட்டுக்குப் போ. இனிமே வராத."

அன்றோடு அந்த வேலையும் போனது. நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே என்னிடம் கொட்டினாள். அம்மா அந்த ஒரு முறை மட்டும் அவளைத் திட்டவே இல்லை.

முதல் மாதம் அவள் கொஞ்சம் மெலிந்தாள். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்தோம். இரண்டாவது மாதம் மோதிரம் கழன்று விழுந்தது. மூன்றாவது மாதம், என்னைவிட நான்கு விரல் உயரமானவள், என் தோளுக்குக் கீழே நின்றாள். டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக அந்தக் கடைக்குப் போய் மேனேஜரம்மாவைப் பிடித்தேன்.

"தெரிஞ்சும் ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா யாரும்மா வேலைக்கு வருவாங்க?"

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எங்கே போய் நிக்கும் இது?"

"தெரியல. உன் தங்கச்சி பாதியில நிறுத்திட்டா. அவளுக்கு முன்னாடி இங்க வேலை பாத்த பொண்ணு நிறுத்தல. ரொம்பப் பொறுப்பான பொண்ணு, யாருக்கும் இல்லன்னு சொல்ல மாட்டா. ஆறு மாசக் குழந்தை சைஸ் வரைக்கும் எடுத்துக் குடுத்துட்டா."

"இப்ப அவ எங்க?"

"போன மாசம் வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். அவங்கம்மா இடுப்புல தூக்கிட்டு வந்து காட்டினாங்க."

வீட்டுக்கு வந்து தங்கையிடம் பாதியைத்தான் சொன்னேன். பத்து வயது சைஸோடு நிறுத்திவிட்டாய், அதோடு நின்றுவிடும், உயிரோடு எங்கள் கூடவே இருப்பாய், பயப்படாதே என்று தினமும் தைரியம் சொன்னேன். அவளும் அதையே பிடித்துக்கொண்டு நாட்களை ஓட்டினாள்.

என் மகளுக்குப் பத்து வயது. நேற்றுக் காலை அவளுடைய பள்ளிச் சட்டையை எடுத்துத் தங்கை போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா... இது லூசா இருக்கு."